துரைக்குப் புது சைலன்சர்

பொதுவாகச் சைலன்சர் மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. பழையதைக் கழற்றுவதுதான் பாடு. வருஷக்கணக்கில் வெந்து வெந்து குழாயும் சைலன்சரும் புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒட்டிப்போயிருக்கும். தட்டினாலும் வராது, கொஞ்சினாலும் வராது. மூட்டில் எண்ணெய் விட்டுவிட்டு, போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, மெதுவாகத் திருகி ஆட்டினால் தானாக வழிக்கு வரும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. எனக்கு எப்போதும் அவசரம் கிடையாது.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். மலைப்பாதையில், முழங்கை வளைவில், கல் லாரியில் அடிபட்டுச் செத்துப்போன குவாரி ஃபோர்மேன் என் கொழுந்தனார். என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தம்பி. அன்று அவர் ஓட்டிப்போன வண்டிக்குப் புது சைலன்சர் மாட்டிக் கொடுத்தது நான். லாரி ஓட்டிய மீசையை அடுத்த அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். வரும்போது பார்த்தேன். மீசையை எடுத்து வருஷங்கள் ஆகியும் பெயர் மட்டும் அவரை விடவில்லை. எதிரே வண்டி வந்த சத்தமே கேட்கவில்லை என்று அவர் சொல்வதை நீங்கள் யாரும் நம்பவில்லையாம். நம்பலாம். அவருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது மடல் சிவந்துவிடும்.

வண்டியைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் செய்த வண்டி. இரண்டு சிலிண்டர், பக்கத்துக்கு ஒரு சைலன்சர். செய்தவர்கள் கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கோழி அடையிருந்த வண்டியை என் வீட்டுக்காரர் மீட்டுக்கொண்டு வந்து, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிக் கழுவி, மறுபடி பூட்டி ஓடவிட்டார். ஊரில் அதற்குத் துரை என்று பெயர். அது தெருவில் நுழைந்தால் பிள்ளைகள், "துரை வர்றாரு, வழி விடுங்க" என்று கத்தும். கத்தவே வேண்டியதில்லை. பழைய சைலன்சருக்குள் இருந்த தடுப்புத் தகடுகளை எல்லாம் அவர் உருவி எறிந்துவிட்டார். வெறும் குழாய். அது முழங்கினால் எங்கள் கடைக் கண்ணாடி அலமாரி நடுங்கும்.

"இப்பத்தான் இதுக்கு உயிர் வந்திருக்கு" என்று பெட்ரோல் டாங்க் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிரிப்பார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் வேறு எதற்கும் நான் பார்த்ததில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் பார்த்ததில்லை.

ஹாரனைக்கூட அவர் கழற்றிப் போட்டுவிட்டார். "அமுக்கி அமுக்கிப் பார்க்கறேன், வேலையே செய்யலை" என்றார். பிறகு நான் அதை பேட்டரியில் தொட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் கத்தியது. வயரில் ஏதாவது கோளாறு இருந்திருக்கும். துரைக்கு ஹாரன் எதற்கு என்று நானும் அதைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

எங்கள் பட்டறை மலை அடிவாரத்தில், குவாரிக்குப் பாதை பிரியும் இடத்தில் இருக்கிறது. அவர் மெக்கானிக். நான் கல்லாவில் உட்காரும் மெக்கானிக் பெண்டாட்டி என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அப்படி இல்லை. எங்கள் பட்டறையில் அவர் கை, நான் காது. வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். வலது பக்கம் டாப்பெட் தட்டுகிறது என்பேன். திருப்புவார். இப்போது சரி என்று தலையை ஆட்டுவேன். கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். மற்ற மெக்கானிக்குகள் திருப்புளியை என்ஜினில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். இவர் பல்லில் கடித்துக்கொண்டு கேட்பார். ஆளுக்கு ஒரு பாணி.

நல்ல மனிதர். வேலையில் இறங்கிவிட்டால் உலகமே மறந்துபோகும். சாப்பிடக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். தோளைத் தொட்டால்தான் உண்டு. கவனம் அப்படி. பேசும்போது என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். இருட்டில் பேசவே மாட்டார், விளக்கை அணைத்தால் பேச்சும் அணைந்துவிடும். கூச்ச சுபாவம். ஆனால் குரல் மட்டும் பெரிய குரல். நாங்கள் கொஞ்சிக்கொண்டிருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரி சண்டை என்று நினைத்து எட்டிப் பார்ப்பாள்.

அவர் குவாரியில் செத்தார். அது உங்களுக்குத் தெரியும், உங்கள் ஆட்கள்தான் வந்து விசாரித்தார்கள்.

குவாரியில் பாறைக்கு வெடி வைக்கும் முன் அபாயச் சங்கு ஊத வேண்டும். கையால் சுற்றும் சங்கு. சுற்ற வேண்டியது ஃபோர்மேன். அது ஊதினால் பள்ளத்தில் இருக்கிற அத்தனை பேரும் மறைவிடத்துக்கு ஓட வேண்டும். அன்று என் வீட்டுக்காரர் பள்ளத்தில் கம்ப்ரஸர் ரிப்பேரில் இருந்தார். கம்ப்ரஸருக்கு மறுபக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வெடித்தது. அத்தனை பேரும் மறைவிடத்தில் இருந்தார்கள், அவர் மட்டும் ஸ்பேனரும் கையுமாக அங்கேயே இருந்தார். என்னை முகத்தைப் பார்க்க விடவில்லை. கையைப் பார்த்தேன். ஸ்பேனரை அவர்களால் கையிலிருந்து எடுக்க முடியவில்லை.

கொழுந்தனார் என் காலடியில் விழுந்து அழுதார். "ஊதுனேன் அண்ணி. சத்தியமா ஊதுனேன். அண்ணன் முன்னாடியே மேல ஏறிட்டாருன்னு நினைச்சேன். அந்தச் சத்தம் கேட்டும் யாராவது உட்கார்ந்திருப்பாங்களா?"

அதையேதான் நானும் யோசித்தேன், ஐயா. அந்தச் சத்தம் கேட்டும் யாராவது உட்கார்ந்திருப்பார்களா? மாட்டார்கள். இவர் உட்கார்ந்திருந்தார். ஆகவே சங்கு ஊதவில்லை. கணக்கு இவ்வளவுதான். கூலிக்காரர்கள் எல்லோரும் ஊதியது என்று சொன்னார்கள். கம்பெனிச் சோறு தின்கிறவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? யார் மேலும் தப்பில்லை என்று முடித்துவிட்டீர்கள். ஒரு மனிதன் செத்து, யார் மேலும் தப்பில்லை என்றால், செத்தவன் மேல் தப்பு என்று அர்த்தம். அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கொழுந்தனார் வந்து வண்டியைக் கேட்டார். அண்ணன் ஞாபகமாக வைத்துக்கொள்கிறேன் என்றார். கொடுத்துவிட்டேன். என்ன சொல்லி மறுப்பது? அன்றிலிருந்து காலையில் துரை எங்கள் கடையைத் தாண்டி மலை ஏறும், சாயங்காலம் இறங்கும். கடையைத் தாண்டும்போது எனக்கு மரியாதையாக ஒரு முறை முறுக்கிவிட்டுப் போவார். கண்ணாடி அலமாரி நடுங்கும். கொன்றவன் செத்தவன் குரலில் வந்து சௌக்கியமா என்று விசாரித்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வயிறு எரிகிறவர்கள் எல்லோரும் ஏதாவது செய்துவிடுகிறார்களா என்ன? நானும் எரிந்துகொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவருக்குக் குழந்தை பிறந்தது. ஒரு நாள் சாயங்காலம் வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார்.

"அண்ணி, ஒரு உதவி."

"சொல்லுங்க தம்பி."

"வண்டி சத்தத்துக்குக் குழந்தை தூக்கிப்போட்டு எழுந்திருக்குது. இவ என்னடான்னா தெருமுனையிலயே என்ஜினை ஆஃப் பண்ணித் தள்ளிக்கிட்டு வரச் சொல்றா. துரையைத் தள்ளறதுக்கு நான் என்ன யானையா? சத்தம் கம்மியா வர்ற மாதிரி வேற சைலன்சர் ஏதாவது போட்டுத் தர முடியுமா?"

அவராகத்தான் வந்து கேட்டார், ஐயா. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் தேடிப் போகவில்லை.

"போடலாமே. சொல்லி வரவழைக்கறேன்" என்றேன்.

"அண்ணன் இருந்தா என்னை உதைச்சிருப்பாரு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் போன பிறகுதான் மலைப்பாதை ஞாபகத்துக்கு வந்தது.

அந்தப் பாதையை நீங்கள் ஜீப்பில் போய்ப் பார்த்திருப்பீர்கள். ஒரு வண்டி போகத்தான் அகலம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். முழங்கை வளைவுக்கு மேலே ஒரு ஒதுங்கும் இடம் வெட்டி வைத்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கல் ஏற்றிக்கொண்டு இறங்கும் லாரிக்காரர்கள் உச்சியிலேயே என்ஜினை அணைத்துவிடுவார்கள். பாரம் தள்ளுகிறது, டீசல் எதற்கு என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டே வருவார்கள். கம்பெனி கூடாது என்று போர்டு வைத்திருக்கிறது. போர்டு அதுபாட்டுக்கு நிற்கிறது, லாரி அதுபாட்டுக்கு உருள்கிறது. ஒதுங்கும் இடத்துக்கு வந்ததும் டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கீழே கேட்பார். என்ஜின் அணைந்திருப்பதால் ஈ பறந்தாலும் கேட்கும். கீழிருந்து ஹாரனோ வண்டிச் சத்தமோ வந்தால் ஒதுங்கி நிற்பார். ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடுவார். விட்டபின் அவ்வளவு பாரத்தை வளைவில் நிறுத்த முடியாது. இத்தனை வருஷமாக அந்தப் பாதை காதை நம்பித்தான் ஓடுகிறது.

மற்றவர்கள் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு ஏறுவார்கள். துரைக்கு ஹாரன் கிடையாது, தேவையும் இல்லை. அது அடிவாரத்தில் கிளம்பினாலே மேலே லாரிக்காரர்கள், "துரை வர்றாரு" என்று ஒதுங்கிவிடுவார்கள். கொழுந்தனாரும் அந்தப் பழக்கத்தில் நடுப்பாதையில் நிமிர்ந்து ஏறுவார். லாரி தனக்காக நிற்கும் என்பது அவருக்குச் சூரியன் உதிக்கும் என்பது மாதிரி.

பழைய வண்டிக்கு அதன் கம்பெனிச் சாமான் கிடைக்காது. வேறு யாராவது அச்சு அசலாகச் செய்து விற்பதைத்தான் வாங்க வேண்டும். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும், மாட்டும்போதுதான் குணம் தெரியும். நான் வரவழைத்த ஜோடி பளபளவென்று நன்றாகவே இருந்தது. ஆனால் வாய் கொஞ்சம் பெரியது, குழாயில் தொளதொளவென்று ஆடியது. தகரத்தை வளையமாக வெட்டி இடையில் கொடுத்தேன். தாங்கும் பட்டையில் துளை ஒரு நூல் தள்ளியிருந்தது, அரத்தால் ராவி நீள்துளையாக்கினேன். எல்லா போல்ட்டையும் முதலில் தளர்வாக விட்டு, இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பின்னால் நின்று பார்த்து, ஸ்டாண்ட் எடுத்தால் இடிக்கிறதா என்று சரிபார்த்து, அதன் பிறகுதான் இறுக்கினேன். சைலன்சர் மாறினால் பெட்ரோல் அளவும் மாற வேண்டும் என்று கார்புரேட்டரில் ஜெட்டை மாற்றினேன். ஒரு பழுது சொல்ல முடியாது. வேண்டுமானால் நொறுங்கியதை எடுத்துப் பாருங்கள், மூட்டு ஒன்றுகூட விட்டிருக்காது.

ஓடவிட்டுக் கேட்டேன். சத்தம் நன்றாகக் குறைந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். நான் பின்மூடியைக் கழற்றி உள்ளே இருந்த கண்ணாடிப் பஞ்சோடு இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்து இறுக அடைத்தேன். குழந்தை நன்றாகத் தூங்கட்டும் என்று. மறுபடி ஓடவிட்டேன். என்ஜின் ஓடுகிறது என்பதே டாங்க் மேல் கை வைத்தால்தான் தெரிந்தது. அலமாரிக் கண்ணாடி அசையவில்லை.

அலமாரியில் அந்த ஹாரன் இருந்தது. எடுத்தேன். மாட்டினால் கால் மணி நேர வேலைகூட இல்லை. தூசியைத் துடைத்தேன். அவர் கேட்டது சைலன்சர்தான், ஹாரன் கேட்கவில்லை. கேட்காததைச் செய்யக் கூடாது என்பது எங்கள் பட்டறையின் வழக்கம். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

காலையில் கொழுந்தனார் வந்து பார்த்துவிட்டு அசந்துபோனார். ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "அண்ணி, இது துரை இல்ல, துரைசாணி" என்றார். பிறகு முகம் கொஞ்சம் மாறியது. அவர் ஒன்றும் முட்டாள் இல்லை.

"லாரிக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லிடணும் அண்ணி. சத்தம் மாறிடுச்சு, இனிமே பார்த்து இறங்குங்கன்னு."

"நான் சொல்லிடறேன் தம்பி. எல்லாரும் மேல போறப்ப நம்ம கடையைத் தாண்டித்தானே போறாங்க."

"மறந்துடாதீங்க."

"நான் எதை மறந்திருக்கேன்?"

நான் செய்தது இதுதான், ஐயா. மற்றதெல்லாம் மெக்கானிக் வேலை. சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

மீசை அன்று காலை கடைக்கு வந்தபோது கொழுந்தனார் பின்பக்கப் பட்டறையில் வண்டியோடு இருந்தார். கிரீஸ் டப்பா வாங்கினார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றார், பையன் ஓட்டல் வைத்திருக்கிறான், ஆனால் சிடுமூஞ்சி என்றார். சிடுமூஞ்சி கையால் யார் சாப்பிடுவார்கள், வேறு பாருங்கள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நின்று நிதானமாகப் பேசிவிட்டுத்தான் போனார். அவ்வளவு பேச்சிலும் நான் சைலன்சரைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. லாரி ஓட்ட யாராவது ஒருவர் வேண்டும், அன்று அவர் முறை.

கொழுந்தனார் உடனே கிளம்பப் பார்த்தார். அப்போது லாரிகள் காலியாக ஏறுகிற நேரம். "புது சைலன்சர் ஒரு தடவை சூடாகி ஆறினதும் இன்னொரு முறுக்கு முறுக்கணும், இருங்க" என்று உட்கார வைத்தேன். அது உண்மைதான், முறுக்கத்தான் வேண்டும். இவ்வளவு நேரம் ஆற வேண்டியதில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். குழந்தையின் படத்தைக் காட்டினார். மூக்கு அப்படியே என் வீட்டுக்காரர் மூக்கு. அதைச் சொல்லவும் செய்தேன். அவருக்குக் கண் கலங்கியது. குடித்த டம்ளரை வாங்கிக்கொண்டபோது, முதல் லாரி பாரம் ஏற்றியிருக்கும் என்று தோன்றியது. போல்ட்டுகளை முறுக்கிவிட்டேன்.

"கொஞ்ச நாளைக்கு ஆக்சிலேட்டரை ரொம்ப முறுக்காதீங்க தம்பி. பூ மாதிரி ஓட்டுங்க. செட்டாகட்டும்."

"சரி அண்ணி."

வாசலில் நின்று பார்த்தேன். முதல் வளைவு வரை தெரிந்தார். வழக்கமாக அதற்கப்பால் ஆள் மறைந்தாலும் சத்தம் மலை முழுக்க ஏறிப் போகும். என் காது எப்படிப்பட்டது என்று சொன்னேன் இல்லையா? அந்தக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றுமே கேட்கவில்லை. வேலை நன்றாக வந்திருந்தது.

பிறகு நடந்ததை மீசை சொல்லியிருப்பார். தலையை நீட்டிக் கேட்டார், கீழே நிசப்தம், வண்டியை விட்டார்.

நீங்கள் இதை விபத்து என்று முடிக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மீசை இரண்டு நாளோ இரண்டு வருஷமோ உள்ளே இருப்பார், அவ்வளவுதான். நான் வாயைத் திறந்திருக்க வேண்டியதே இல்லை. ஆனால் நேற்று கொழுந்தனார் பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். தலைவிரிகோலமாக என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நான்தான் அக்கா கொன்னுட்டேன். சத்தம் வேணாம் வேணாம்னு நச்சரிச்சே கொன்னுட்டேன்."

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். ஆனால் என்னால் பொறுக்க முடியவில்லை. பரிதாபத்தால் என்று எழுதிவிடாதீர்கள். இத்தனை நாள் வயிறெரிந்து, இத்தனை பொறுமையாக, ஒரு பிசிறு இல்லாமல் நான் செய்து முடித்ததை, விவரம் தெரியாத ஒரு பெண் வந்து தன்னுடையது என்கிறாள். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அதனால்தான் வந்தேன்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். "அவரு தூக்கத்துலகூட அதையேதான் அக்கா சொல்லுவாரு. ஊதுனேன், ஊதுனேன்னு. கையைச் சுத்திக்கிட்டே இருப்பாரு." நடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். தூங்கும்போதும் சிலர் நடிப்பார்கள்.

என்ன கேட்டீர்கள்?

ஆமாம். வெடி வைக்கும் நாளில் அந்தச் சங்கு எங்கள் கடைக்குக் கேட்கும். ஊர் எல்லை வரைக்கும் கேட்கும், எனக்குக் கேட்காதா?

அன்றா?

சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் ஏதோ கொதித்தது. தெருவில் வண்டிகள் போயின. ஒரு மனுஷி எல்லாவற்றையும் காதில் போட்டுக்கொண்டிருக்க முடியுமா?

கேட்டது. நீங்கள் இப்படி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் சொல்கிறேன். கேட்டது, ஐயா. நன்றாகக் கேட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். அடிவாரத்தில் நின்றுகொண்டு மலையைப் பார்த்து அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எதற்குக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

சரி, ஊதினார் என்றே இருக்கட்டும். ஊதினால் போதுமா? ஃபோர்மேன் என்றால் சங்கைச் சுற்றிவிட்டுப் போய் மறைவில் உட்கார்ந்துகொள்வதா? கூடப்பிறந்தவன்தானே? இறங்கிப் போய் ஒரு முறை தோளைத் தொட்டிருந்தால் திரும்பியிருப்பார். நான் தொட்டால் திரும்புவாரே. அது அவர் தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? யாரும் சொல்லவில்லை என்றால்? ஒரே வயிற்றில் பிறந்தவனுக்கு யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நான் சொல்லவில்லைதான். அவரும் சொல்லவில்லை. சொன்னால் எவன் வண்டியை விட்டுவிட்டுப் போவான்? காதில்லாத மெக்கானிக்கை எந்த ஊரில் வைத்திருக்கிறார்கள்? குவாரி வேலையைக் கொழுந்தனார்தான் வாங்கிக் கொடுத்தார். பள்ளத்தில் இறங்குகிறவர்களுக்குக் கம்பெனி டாக்டர் காதைச் சோதிக்க வேண்டும் என்று சட்டமாம். தம்பி வாசலில் காத்திருந்தார், நான் துணைக்கு உள்ளே போனேன். டாக்டர் இவரை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் சின்ன மணியை அடித்தார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். நான் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தேன். மணி அடிக்கும்போதெல்லாம் கண்ணைச் சிமிட்டினேன், அவர் கையைத் தூக்கினார். மெதுவாக அடித்ததற்குக்கூடத் தூக்கினார். இந்த வயதில் இப்படி ஒரு காதா என்று டாக்டரே மெச்சினார். வெளியே வந்து நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். துரையில்தான் வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் முறுக்கிக்கொண்டே வந்தார், நான் அவர் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தேன்.

அது ஒரு விளையாட்டு, ஐயா. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். கொழுந்தனாரைக் கொன்றது நான். அதில் எனக்கு மறுப்பு இல்லை, வருத்தமும் இல்லை. பஞ்சு அடைத்தது, ஹாரன் மாட்டாதது, டீ கொடுத்து நேரம் கடத்தியது, மீசையிடம் சொல்லாதது, எல்லாவற்றையும் நீங்கள் எழுதியது எழுதியபடி ஒத்துக்கொள்கிறேன்.

இந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் திருப்புங்கள். இங்கே, மேலிருந்து இரண்டாவது வரியில், காது கேளாத கணவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறது. மற்றதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன்.